இளமதி மறுபடி போட்ட கல்யாணப் பத்திரிகை

இளமதியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மகள் ஜெயராணி, "நீங்க எழுதறதாப்பா? நீங்க கத்தறத வேற யாராச்சும் எழுதுனாத்தான் உண்டு" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். என் பெயர் ஆரோக்கியராஜ். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன். கம்பத்து மேலே நிற்கிறவன் காதில் விழவேண்டுமென்றால் கீழே நிற்கிறவன் கத்தித்தான் ஆகவேண்டும். எனக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்தார்கள், என் தொண்டைக்குக் கொடுக்கவில்லை. ஆனால் நன்றியைக் கத்திச் சொன்னால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இளமதிக்கு டி.டி.பி. கடை. கடை என்றால் அரைக் கடைதான். மறுபாதியில் அவள் கணவர் பாலகுமார் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார். அவர் அதிகம் பேசமாட்டார். பேச்செல்லாம் இளமதிதான், அதுவும் பாதி நேரம் கம்ப்யூட்டரோடு. "நில்லுடி, எங்க ஓடற?" என்பாள். நம்மைத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தால், திரையில் ஏதோ ஒரு படம் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

கம்மாபுரத்துப் பெண். பி.காம். முடித்துவிட்டு, காலேஜ் பிள்ளைகளுக்கு ஆய்வேடு டைப் அடித்துக் கொடுக்கிற ஒரு கடையில் சேர்ந்திருக்கிறாள். டைப் அடிக்கத் தெரியும், பக்கம் கட்டத் தெரியாது. சொல்லித்தரவும் ஆளில்லை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, நன்றாக அச்சடித்த ஏதாவது ஒரு புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வாளாம். தலைப்பு எங்கே நிற்கிறது, படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறான் என்று பள்ளிக்கூட ஸ்கேலால் அளப்பாள். அதையே திரையில் போட்டுப் பார்ப்பாள், சரியில்லை என்றால் அழிப்பாள், மறுபடி போடுவாள். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, சொந்தக் கடை வைத்தபோது ஏ-ஃபோர் பேப்பர் வந்த அட்டைப் பெட்டியில் துணி விரித்து அந்தக் குழந்தையைப் படுக்கவைத்து வேலை பார்த்திருக்கிறாள். அது இப்போது பிளஸ் டூ படிக்கிறது, அம்மாவையே அதட்டுகிறது.

ஒரு ஐப்பசி மழையில் சந்துத் தண்ணீர் கடைக்குள் ஏறி, அதுவரை சேர்த்து வைத்திருந்த டிசைன் அத்தனையும் கம்ப்யூட்டரோடு போய்விட்டது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கருமாதி, எல்லாம். வேறு யாராவது என்றால் கடையை மூடியிருப்பார்கள். இவள், மாதிரிக்காக ஆல்பத்தில் ஒட்டிவைத்திருந்த பழைய கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்த்துப் பார்த்து மறுபடி கட்டினாள். அதிலிருந்து எதைச் செய்தாலும் மூன்று இடத்தில் சேவ் பண்ணுவாள். கம்ப்யூட்டரில் ஒன்று, கைப்பையில் கிடக்கிற பென் டிரைவில் ஒன்று, தனக்குத்தானே மெயிலில் ஒன்று.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

என் மனைவி பெயர் எழிலரசி. கீரப்பாளையத்தில் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பம். நாங்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் இந்துக்கள். முப்பது வருஷத்துக்குப் பக்கமாகிறது நாங்கள் கல்யாணம் பண்ணி. இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவழியாகச் சம்மதித்தார்கள். கார்டு அடித்தது என் அப்பா. மாதா கோயில் கல்யாணத்துக்கென்று அச்சகத்தில் ஒரே அமைப்புதான் அப்போது. மேலே சிலுவை, அதன் அடியில் 'இயேசு மரி சூசை', சுற்றிலும் திராட்சைக் கொடி, உள்ளே பெண், மாப்பிள்ளை, பெற்றோர் பெயர், அவ்வளவுதான். எழிலுடைய அண்ணன் உத்திராபதிக்கு அதில் இடமில்லை. கார்டைப் பார்த்தவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசப்படியையும் மிதிக்கவில்லை. அவர் பெயர் போடாததுதான் காரணம் என்று ஊரே சொன்னது. ஒரு பெயருக்காக இத்தனை வருஷமா என்று நானும் விட்டுவிட்டேன். எழில் இறந்தபோது கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனார். எனக்கு நெஞ்செல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயராணிக்குக் கல்யாணம் முடிவானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா வரணும்பா. அம்மா இல்ல. அம்மா பக்கத்துலேர்ந்து ஒருத்தராச்சும் வந்து நிக்கணும். மால எடுத்துக் குடுக்க தாய்மாமன் இல்லாம நான் எப்படிக் கோயிலுக்குள்ள போறது?"

"வர்றவரா இருந்தா உங்கம்மாவுக்கு வந்திருக்கணும்" என்றேன்.

அவள் அழவில்லை. பீரோவைத் திறந்து எழில் வைத்திருந்த பழைய கல்யாணக் கார்டை எடுத்தாள். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. "இதே மாதிரி எனக்கு அடிக்கணும். அம்மாவோட கார்டு மாதிரியே இருக்கணும், இதுல மாமா பேரு இருக்கணும். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள். சிதம்பரத்தில் படித்தபோது அவளுடைய புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கட்டிக் கொடுத்தவள் இளமதி. அப்படித்தான் நான் அந்த அரைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இளமதி கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இந்த எழுத்து இப்ப கெடையாது சார். ஒன்னுவிட்ட தங்கச்சி மாதிரி ஒன்னு இருக்கு. அதப் போடறேன்" என்றாள். ஸ்கேன் பண்ணி, மங்கலாக அடியில் போட்டு, அதன் மேலேயே கொடியை வரைய ஆரம்பித்தாள். ஒரு இலை, ஒரு குலை, ஒரு சுருள். அந்த மூன்றையும் திருப்பியும் கவிழ்த்தும் வைத்து நான்கு பக்கமும் கொடி ஓடவிட்டாள். பூச்சி தின்ற மூலையில் என்ன இருந்ததென்று யாருக்கும் தெரியாது. எதிர் மூலையைப் பார்த்து அதையும் கட்டினாள். நான் சும்மா இருந்தேனா? குலை பெரிசு என்றேன். சிலுவை சிறிசு என்றேன். இரண்டு தடவை வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மூன்றாம் தடவை, "இருங்க சார், புதுசா ஒரு பக்கம் தொறந்து மொதல்லேர்ந்து வரேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். திரை மூலையில் ஃபைல் பெயர் தெரிந்தது: கோவக்கார கடலூர்.

"என்னம்மா இது?"

"ஆரோக்கியராஜுன்னு எங்கிட்ட ஏகப்பட்ட பேரு இருக்காங்க சார். அடையாளம் வேணாமா?"

பாலகுமார் அந்தப் பக்கம் குனிந்து சிரித்தார்.

அவளிடம் ஒரு கட்டாயம் உண்டு. முடிந்த பக்கத்தைக் கடைசியாகச் சேவ் பண்ணுவதற்கு முன்னால், கார்டு அடிக்கக் கொடுத்தவர் திரைமுன் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கவேண்டும். கண்ணால் பார்த்துச் 'சரி' என்றால் விடமாட்டாள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நான் படித்தேன். "கடலூர் ஆரோக்கியராஜ், மறைந்த மரிய பெர்னதெத் ஆகியோரின் அன்பு மகள்..." மரிய பெர்னதெத் என்பது கல்யாணத்துக்கு முன் எழிலுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பழைய கார்டில் அதுதான் இருந்தது, கோயில் பதிவிலும் அதுதான். கீழே தனியாக, 'தாய்மாமன் கீரப்பாளையம் உத்திராபதி' என்று நல்ல தடிமனாக நின்றது. படித்து முடித்தேன். இளமதி சேவ் பண்ணி அச்சுக்கு அனுப்பினாள்.

முதல் கட்டு கார்டு வந்ததும் ஜெயராணி அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கீரப்பாளையத்துக்குப் போனாள். மீதியை வாங்க நான் பின்னாலேயே சிதம்பரம் வந்தேன். கடை வாசலில் நின்று கட்டைப் பிரித்து ஒன்றை வெயிலில் நீட்டிப் பார்த்தேன். கொடி அழகு. சிலுவை அழகு. சிலுவைக்கு மேலே, தாளின் உச்சியில், எறும்பு மாதிரி ஒரு உ.

பிள்ளையார் சுழி! இயேசு மரி சூசைக்கு மேலே பிள்ளையார் சுழி!

"யம்மா இளமதி! இது என்ன? ஃபாதர் கையில இத எப்படிக் குடுக்கறது?" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இளமதி கார்டை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் பக்கம் கட்டுகிற பேஜ்மேக்கரில் மாஸ்டர் பேஜ் என்று ஒன்று உண்டாம். அதில் எதை வைக்கிறோமோ அது எல்லாப் பக்கத்திலும் தானாக வந்து நிற்கும், பக்கத்திலிருந்து அதைத் தொடக்கூட முடியாது. தினமும் வேலை ஆரம்பிக்கிற வெற்றுப் பக்கத்தின் மாஸ்டரில் அவள் ஒரு உ போட்டு வைத்திருக்கிறாள். மாதா கோயில் கார்டுக்கும் பள்ளிவாசல் கார்டுக்கும் வேறு வெற்றுப் பக்கம் உண்டு. மூன்றாம் தடவை நான் கையை ஆட்டினேனே, அப்போது அவசரத்தில் தன்னுடையதைத் திறந்துவிட்டாள். "எழுத்தப் பெருசாக்கிக் காட்டுனதுல அது திரைக்கு மேல போயிடுச்சு சார். அச்சுல பாத்தப்பவும் எங்கண்ணுல படல. எந்தத் தாள்லயும் அது இருந்துகிட்டேதானே இருக்கு" என்றாள். அது என்னவோ நிஜம்தான். ஜெயராணியும் காலையில் அதே கார்டைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். "தப்பு என்னுதுதான். எல்லாத்தையும் மறுபடி அடிச்சுத் தர்றேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெயராணி கொண்டுபோனதும் இதே கார்டு. உத்திராபதி என்ன நினைப்பார்? அன்றைக்குப் பேர் போடாதவன் இன்றைக்குப் பிள்ளையார் சுழி போட்டுக் குழையடிக்கிறான் என்று நினைக்கமாட்டாரா? மூஞ்சியில் வீசியெறிந்தால் என் பிள்ளை என்ன செய்வாள்? உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"மாமா கார்ட வாங்கிப் படிச்சாரு. ஒன்னும் சொல்லலப்பா" என்றாள். குரல் கம்மியிருந்தது. "ரெண்டு தடவ படிச்சாரு. சட்டைய மாட்டிகிட்டு வண்டிய எடுத்துகிட்டுப் போயிட்டாரு. அத்த காப்பி குடுத்து உக்கார வெச்சிருக்காங்க. எனக்கு பயமா இருக்கு."

போச்சு, எல்லாம் போச்சு என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் பெண் கல்யாணம் தாய்மாமன் இல்லாமல் நடக்கப்போகிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இளமதி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, ஃபைலைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மொபெட் நின்றது. உத்திராபதி. கையில் அந்தக் கார்டு. கார்டின் அடியில் கடை பெயரும் சந்தும் போட்டிருந்ததைப் பார்த்து நேரே வந்திருக்கிறார். நான் உள்ளே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார்.

நான் எழுந்தேன். "எதுவா இருந்தாலும் என்னையக் கேளுங்க! எம் பொண்ண எதுக்கு..."

"சார், கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் இளமதி.

என் சொந்த அதிகாரிகள்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மூடிக்கொண்டேன்.

"ஐயா, உள்ள வாங்க. உக்காருங்க" என்று அவரைக் கூப்பிட்டு, இருந்த ஒரே பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். "மேல இருக்கற உ நான் பண்ண தப்பு. இவுங்க மேல வருத்தப்படாதீங்க. அத எடுத்துட்டு மறுபடி அடிக்கப் போறேன். உங்க பேரும் இதுல இருக்கறதால நீங்களும் ஒருதடவ வாய்விட்டுப் படிச்சிடுங்க. அதுக்கு அப்பறந்தான் சேவ் பண்ணுவேன்."

"உ-வா? எங்க இருக்கு?" என்று கார்டைத் திருப்பினார். அவரும் பார்த்திருக்கவில்லை! பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரையைப் பார்த்துப் படித்தார். "கடலூர் ஆரோக்கியராஜ், மறைந்த..." நின்றுவிட்டார். மறுபடி, "மறைந்த..." என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பேர்ல எனக்குத் தங்கச்சி கெடையாதும்மா."

பாலகுமார் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"எழிலரசின்னு வெச்சது நானு. எங்கம்மா குலசாமி பேரு வெக்கணும்னாங்க. நான் அழுது அடம்புடிச்சு, சோறு திங்காம இருந்து வெச்ச பேரு அது. அன்னைக்கு வந்த கார்டுல அது எங்கயுமே இல்ல. எம் பேரு இல்லன்னு நான் கோச்சுகிட்டேன்னு ஊரெல்லாம் பேசுனாங்க. எம் பேரு யாருக்கு வேணும்? எந் தங்கச்சியே அதுல இல்லியே. அதச் சொல்லி மாத்தச் சொல்லத்தான் வந்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "வீட்ல அந்தப் பேர நான் ஒருநாளும் கூப்புட்டதில்ல மச்சான். எழிலுன்னுதான். ஆஸ்பத்திரியில கடேசியா கூப்புட்டதும் எழிலுன்னுதான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்திடவாங்க?" என்று பொதுவாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"அந்தப் பேரையும் எடுக்காதம்மா" என்றார் உத்திராபதி. "சாமி குடுத்த பேரு, இருக்கட்டும். ஆனா அவ பேரு மொதல்ல வரணும்."

'எழிலரசி மரிய பெர்னதெத்' என்று அடித்தாள். வரி நீண்டு கொடியில் போய் முட்டியது. "நில்லுடி" என்று ஒரு பக்கத்துக் குலையை எடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்ததால் இந்தப் பக்கத்துக் குலையையும் எடுத்து, இலைகளைக் கொஞ்சம் தள்ளிவைத்து இடம் பண்ணினாள். பெயர் கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு மாஸ்டர் பேஜுக்குப் போய் உ-வின் மேல் அம்பை வைத்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்துடும்மா. கோயில்ல வெச்சு மந்திரிச்சுக் குடுக்கற கார்டு. அவுங்க முறைப்படி இருக்கட்டும்" என்றார்.

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வந்தவரை வாசலிலேயே நிற்கவைத்து, 'கார்டு குடுத்தது அவுங்க, அவுங்ககிட்ட பேசிக்கோங்க' என்று இளமதி அனுப்பியிருக்கலாம். யாரும் அவளைத் தப்பு சொல்லியிருக்க முடியாது. அவள் உட்காரவைத்தாள், படிக்கவைத்தாள். முப்பது வருஷமாக ஒரு பாதிரியாராலும் ஒரு பஞ்சாயத்தாலும் ஆகாத காரியம் அந்த ஒரே பெஞ்சில் ஆனது. அவளுக்கு நான் என்ன செய்தாலும் தகும். கடவுள் அவளை நன்றாக வைத்திருக்கட்டும்.

மறுபடி படிக்கச் சொன்னாள். இந்தத் தடவை உத்திராபதி நிற்காமல் படித்தார். எழிலரசி என்கிற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. தன் பெயரை வேகமாகப் படித்துத் தாண்டிவிட்டார். இளமதி சேவ் பண்ணினாள். நான் ஜெயராணிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "அங்கியே இரு, மத்தியானம் சாப்ட்டுட்டுப் போலாம், வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லி என்னிடம் நீட்டினார்.

பிறகு தயங்கித் தயங்கி இளமதியிடம் கேட்டார். "எனக்குன்னு தனியா ஒரு நூறு கார்டு கெடைக்குமாம்மா?"

"உங்களுக்கு எதுக்கு மச்சான் நூறு?" என்றேன்.

"அன்னைக்கு எந் தங்கச்சி கல்யாணத்துக்குக் கீரப்பாளையத்துல ஒரு வீட்டுக்கும் நான் பத்திரிக வெக்கல. இத வெக்கறேன்."

நான் இளமதி பக்கம் திரும்பினேன். "நூறு பத்தாதும்மா. இருநூறாப் போடு."